புயல் வராத இரண்டு ஊர்கள்

புயலே வராது என்று பெயர் வாங்கிய இரண்டு இடங்களில் நான் மோட்டார் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்று மலேசியாவில் ஜொகூர். நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கம், அதனால் வராது. இன்னொன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் ஊத்தங்கரை. கடலுக்கு அவ்வளவு தூரம், அதனால் வராது. இரண்டு இடத்திலும் வந்தது. இரண்டு இடத்திலும் தண்ணீர் குடித்த மோட்டார்கள் என் கைக்கு வந்தன. நான் படித்தது ஐ.டி.ஐ., தொழில் மோட்டார் வைண்டிங், அதாவது எரிந்துபோன மோட்டாருக்குள் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது. வானிலை பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவுதான்.

2001-இல் எனக்கு 24 வயது. ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எலக்ட்ரிக்கல் உதவியாளாக இருந்தேன். ஆலைக் கணக்கு பார்த்த கிராணி ஐயா மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறியவராம். அந்த ஒரு காரணத்துக்காகவே என் மேல் பாசம். டிசம்பர் மாதம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, "ஐயா, இங்கே புயல் எல்லாம் அடிக்குமா?" என்று கேட்டேன். "மழை வரும், வெள்ளம் வரும். ஆனா புயல்னு ஒண்ணு இங்க வராது தம்பி. நாம பூமிக்கு இடுப்புல இருக்கோம்" என்றார். இடுப்பில் இருந்தால் ஏன் வராது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டிசம்பர் 27, வியாழக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் காற்றின் சத்தம் மாறியது. மழைக் காற்று விட்டு விட்டு அடிக்கும். இது விடவே இல்லை. ஆலைக் கூரையில் ஒரு தகரம் கிளம்பி, காற்றாடி மாதிரி இரண்டு சுற்று சுற்றி, செம்பனைக் குலைகள் குவித்திருந்த மேடையில் போய் விழுந்தது. கரண்ட் போனது. ஆற்றிலிருந்து ஆலைக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸுக்குள் இரவில் வெள்ளம் புகுந்துவிட்டது.

அடுத்த இரண்டாம் நாள் வெள்ளம் வடிந்தது. ஆலையின் மின்சார வேலைக்கு மேலாளான சார்ஜ்மேன் வர முடியவில்லை, ரோடு துண்டிப்பு. நான் ஒருவன்தான் கைவசம். மோட்டாரைப் பார்த்தேன். வெளியே சேறு, துணியால் துடைத்தால் பளபளவென்று இருந்தது. வெயிலும் வந்துவிட்டது. சார்ஜ்மேன் வருவதற்குள் ஓட விட்டுவிட்டால் நல்ல பெயர் கிடைக்கும் என்ற நினைப்பில் ஸ்டார்ட்டரைப் போட்டேன். 'உம்ம்' என்று ஒரு உறுமல், அப்புறம் ஒரு 'டப்'. வார்னிஷ் கருகின நாற்றம். அந்த நாற்றம் இன்றைக்கும் தொழிலில் தினம் வருகிறது என்றாலும், அன்றைக்கு வந்தது மாதிரி வயிற்றைப் பிசைந்ததில்லை.

மறுநாள் சார்ஜ்மேன் வந்தார். திட்டவில்லை. மோட்டாரின் மேல் ஒரு நிமிடம் கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு உளியும் சுத்தியலும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மோட்டாருக்குள் கருகிக் கிடந்த கம்பிச் சுற்றை, அதாவது காயிலை வெட்டி, உருவி, மறுபடி சுற்ற எனக்கு மூன்று நாள் பிடித்தது. அதற்குள் ரேடியோவில் செய்தி வந்திருந்தது: குனோங் பூலாய் மலையில் மண் சரிந்து ஐந்து பேர் இறந்துவிட்டார்கள்.

அடித்துவிட்டுப் போனது வெறும் பருவமழை இல்லை, வாமெய் என்று பெயர் வைத்த முழுப் புயல் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். மக்காவ் கொடுத்த பெயர். ஒரு பாடும் பறவையின் பெயராம். தென்சீனக் கடலில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் ஒன்றரை டிகிரியில் உருவாகி, சிங்கப்பூருக்கு வடகிழக்கே 60 கிலோமீட்டர் அளவில் ஜொகூர் கரையில் ஏறியிருக்கிறது. ஒரு டிகிரி என்றால் சுமார் 111 கிலோமீட்டர். கணக்குப் போட்டால், பூமியின் இடுப்புக் கோட்டிலிருந்து 165 கிலோமீட்டர்தான். பதிவேடுகளில் அதற்கு முன் அவ்வளவு பக்கத்தில் ஒரு டைஃபூன் பிறந்ததே இல்லை.

இதை எல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்துப் புவியியல் வாத்தியார். ஓய்வு பெற்றவர், கல்லாவி ரோட்டில் கொஞ்சம் நிலம், ஒரு போர்வெல், ஒரு கிணறு. வருடத்துக்கு ஒரு மோட்டாரையாவது என் கடைக்குக் கொண்டுவருவார். 2017-இல் ஒக்கி புயல் வந்த சமயம். நவம்பர் 29-ஆம் தேதி இலங்கைக்குத் தெற்கே தாழ்வு மண்டலம், 30-ஆம் தேதி குமரிமுனைப் பக்கம் புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே நேரமில்லை. வாத்தியார் கடை ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "தாழ்ந்த அட்சரேகையில, அதாவது நடுக்கோட்டுக்குப் பக்கத்துல பொறக்கறது இப்படித்தான். கரைக்குப் பக்கத்துல பொறக்கும், யோசிக்க விடாது" என்றார். நான் ஜொகூர் கதையைச் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. "யோவ், நீ வாமெய்க்குள்ள இருந்தவனா? பதினாறு வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றார். அது வாமெய் என்று எனக்கே தெரியாதே, எங்கே போய்ச் சொல்வது?

அப்புறம் அவர் கொரியாலிஸ் விசை என்று ஆரம்பித்தார். எனக்கு ஏறவில்லை. அந்த நேரம் என் மேஜையில் ஒரு சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. கப்பாசிட்டர் போன கேஸ். இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. கரண்ட் வரும், காயில் சூடாகும், உர்ரென்று உறுமும், சுற்றாது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்ற முதல் திருப்பை ஸ்டார்ட்டிங் காயிலும் கப்பாசிட்டரும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். கப்பாசிட்டர் இல்லாமல் ஷாஃப்டைக் கையால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டாலும் பிடித்துக்கொள்ளும். (கடையில் நாங்கள் செய்வோம். நீங்கள் செய்யாதீர்கள், விரல் போய்விடும்.)

"சார், நடுக்கோட்டுல கப்பாசிட்டர் இல்ல, அதானே?" என்றேன்.

வாத்தியார் சிரித்துவிட்டு, "பாதி சரி" என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நிலநடுக்கோட்டுக் கடலில் புயலுக்கு வேண்டிய சரக்கு எல்லாம் இருக்கிறது. 26.5 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தால் போதும் என்பார்கள். அங்கே வருடம் முழுக்க 28, 29 டிகிரி. ஈரக் காற்று, இடிமேகம், எதற்கும் குறைவில்லை. ஒன்றே ஒன்றுதான் இல்லை: திருப்பு. தாழ்வான இடத்தை நோக்கி ஓடிவரும் காற்றை நேராகப் போய் விழவிடாமல் ஒரு பக்கமாக வளைத்துச் சுழலவைப்பது பூமியின் சுழற்சி. அந்த வளைப்பு நடுக்கோட்டில் பூஜ்யம், துருவத்தை நோக்கிப் போகப்போக அதிகம். எங்கள் ஊர் 12 டிகிரியைத் தாண்டி இருக்கிறது. எங்களுக்கு இருக்கும் திருப்பை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், 5 டிகிரியில் நாற்பது பங்கு, வாமெய் பிறந்த ஒன்றரை டிகிரியில் பன்னிரண்டு பங்கு. அதனால்தான் 5 டிகிரிக்குள் புயல் பிறப்பது அபூர்வம் என்று பாடத்தில் வருகிறது. கிராணி ஐயா சொன்னது தப்பில்லை. ஆனால் அபூர்வம் என்பது வாய்க்கு வாய் போகும்போது 'வராது' ஆகிவிடுகிறது.

சரி, வாமெய்க்கு ஷாஃப்டைக் கையால் சுழற்றிவிட்டது யார்? இரண்டு கை. ஒன்று, வடக்கே ஆசியாவிலிருந்து இறங்கிய குளிர்காற்று. குறுகலான தென்சீனக் கடலுக்குள் அது பல நாள் விடாமல் பாய்ந்திருக்கிறது. வாய்க்காலில் வேகமாக ஓடும் தண்ணீரின் ஓரத்தில் சுழி விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி அந்தக் காற்றின் ஓரத்தில் சுழல் விழும். இன்னொன்று, போர்னியோ தீவின் ஓரமாக அந்தப் பருவத்தில் அடிக்கடி உட்கார்ந்திருக்கும் ஒரு சுழல். வழக்கமாக அது தீவை ஒட்டியே கிடந்து முடிந்துபோகும். அந்தத் தடவை கடலுக்கு நகர்ந்து வந்து, பாய்ந்து வந்த காற்றோடு சேர்ந்துகொண்டது. இந்த இரண்டும் இப்படி ஒன்றுசேர்வது 100-லிருந்து 400 வருடத்துக்கு ஒருமுறை நடக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்களாம். அந்த ஒருமுறை நான் பம்ப் ஹவுஸில் இருந்திருக்கிறேன்.

பாதிதான் சரி என்றது ஏன் என்றும் கேட்டேன். மோட்டார் கிளம்பிவிட்டால் கப்பாசிட்டரைக் கழற்றிவிடலாம். புயலுக்கு அப்படி இல்லை, தொடர்ந்து கொஞ்சம் திருப்பு வேண்டும். ஆனாலும் நன்றாகச் சுழல ஆரம்பித்த ஒன்று, திருப்புக் குறைந்த இடத்திலும் கொஞ்ச காலம் தன் வேகத்திலேயே தாக்குப்பிடிக்கும் என்றார். 2004 நவம்பர் கடைசியில் அரபிக்கடலில் அக்னி என்று ஒரு புயல் இருந்திருக்கிறது. பெயர் கொடுத்தது இந்தியா. அது 0.7 டிகிரி வரைக்கும் இறங்கியிருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து 80 கிலோமீட்டர் கூட இல்லை, ஊத்தங்கரையிலிருந்து சேலம் போகிற தூரம்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் 2024-இல் நான் ஏமாந்தேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஃபெஞ்சல் புயலின் பிறந்த வீடும் அந்தப் பக்கம்தான். நவம்பர் மூன்றாம் வாரம் நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலிலும் அதற்கு மேலே தென்கிழக்கு வங்கக்கடலிலும் ஒரு தாழ்வுப் பகுதி. 25-ஆம் தேதி தாழ்வு மண்டலம். அதற்குப் பிறகு நாலு நாள் புயலாகுமா ஆகாதா என்று டி.வி.க்காரர்களையே குழப்பி, 29-ஆம் தேதிதான் புயல் ஆனது. 30-ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. நாங்கள் டி.வி.யில் புதுச்சேரியைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுத் தூங்கினோம். எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நேர்க்கோட்டில் 145 கிலோமீட்டர் இருக்கும்.

ஞாயிறு மத்தியானம் வரை கடையில் இருந்தேன். தூறல் விடவில்லை. டெலிவரிக்குத் தயாராக மூன்று மோட்டார் தரையில், வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்த ஸ்டேட்டர் (காயில் சுற்றிய, சுழலாத வெளிக்கூடு) இரண்டும் தரையில், புதுச் செம்புக் கம்பிச் சுருள்கள் கீழ்த் தட்டில். பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வீடு சிங்காரப்பேட்டை ரோட்டில் ஒரு கிராமம். சாயந்திரம் நாலு மணிக்கு வாத்தியார் போன்.

"கடையில சாமானெல்லாம் தரையில இருக்கா?"

"ஆமா சார். ஏன்? புயல்தான் கரையைக் கடந்துடுச்சே."

"கடந்தா போயிடுச்சுன்னு அர்த்தமா? அது பாண்டிச்சேரிகிட்டயே நின்னுக்கிட்டு இருக்குப்பா. நகர மாட்டேங்குது. காத்துதான் தணியும், மழை இனிமேதான் உள்ள வரும். போய்த் தூக்கி வெச்சிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு, மழை. நான் போகவில்லை. இந்த ஒரு வரிக்கு எனக்கு ஆன செலவை எழுதினால் வீட்டுக்காரம்மா மறுபடி ஆரம்பிப்பாள், விட்டுவிடுகிறேன்.

ராத்திரி பெய்த மழையை எப்படிச் சொல்வது? எங்கள் வீடு ஓட்டு வீடு. மழைச் சத்தத்திலேயே அளவு தெரியும். பட்பட்டென்று விழுந்தால் கனமழை. அன்றைக்குத் துளிச் சத்தமே கேட்கவில்லை, ஒரே இரைச்சல், லாரி ஸ்டார்ட்டில் நிற்பது மாதிரி. ஒரு மணிக்கு எழுந்து பார்த்தேன், மூன்று மணிக்குப் பார்த்தேன், அதே லாரி அங்கேயே நின்றது. முற்றத்தில் வெள்ளையடிக்க வாங்கின இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று கிடந்தது. ஞாயிறு காலையில் நான்தான் அதைக் கவிழ்த்துக் காலி செய்து வைத்தேன். திங்கள் விடிகாலையில் அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வாளியின் உயரம் ஒன்றேகால் அடி. கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு அதில் விழ வழியில்லை, நேராக வானத்திலிருந்து வந்தது.

காலை எட்டரை மணிக் கணக்கில் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் என்று அறிவித்தார்கள். பக்கத்தில் தருமபுரி மாவட்டத்து அரூரில் 33. எங்கள் மாவட்டத்துக்கு வருடம் முழுக்கப் பெய்வதே 80, 90 சென்டிமீட்டர்தான். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி இருந்தால் அதன் மேல் மட்டும் அன்றைக்கு விழுந்த தண்ணீர் சுமார் 47,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி நாலு. ஒரு வீட்டுக்கு நாலு லாரி என்றால் ஊருக்கு எவ்வளவு, ஏரிக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஏரி கோடி போனது. (கோடி என்றால் பணம் இல்லை, ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வெளியேறும் இடத்தை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்.) பஸ் நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேனும் காரும் குழந்தை தள்ளிவிட்ட பொம்மை வண்டி மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறி ரோட்டோடு போனதை நாடே போனில் பார்த்தது. நான் ஊருக்குள் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கடை ஷட்டரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. தூக்கினால் உள்ளே முதலில் வந்தது ஒரு தேங்காய் மட்டை, அப்புறம் யாருடையதோ ஒற்றைச் செருப்பு. மோட்டார்கள் வைத்த இடத்திலேயே இருந்தன, சேற்றுக்குள்.

அம்மாவிடம் புலம்பினேன். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, "கோடிக் கால்வாய் மேல கடையப் புடிச்சா வேற என்ன வரும்? நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கறப்ப அங்கதான்டா நண்டு புடிப்போம்" என்றார். பதினெட்டு வருடமாக அந்தக் கடைக்கு வாடகை கொடுத்துவருகிறேன், ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டதற்கு, "நீ கேட்டியா?" என்றார். நியாயம்தான்.

அதனால் யாராவது இடம் வாங்குகிறீர்கள், வாடகைக்குப் பிடிக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கோடித் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டுவிடுங்கள். புல வரைபடத்தையும் பாருங்கள். அரசின் இணையச் சேவையிலேயே சர்வே எண்ணைப் போட்டால் வரும். ஓடை, வாய்க்கால் என்று கோடு இருந்தால், இன்றைக்கு அங்கே தார் ரோடே இருந்தாலும் தண்ணீர் பழைய கோட்டின்படிதான் போகும். நாங்கள் கால்வாய் ஓரத்தில் வண்டி நிறுத்துகிறோம்; அது நிறுத்தும் இடம் இல்லை, தண்ணீரின் ரோடு.

செவ்வாய்க்கிழமையிலிருந்து கடை வாசலில் மோட்டார் வரிசை கட்டியது. நான் என் மோட்டாரைக் கழுவுவதா, ஊர் மோட்டாரைக் கழுவுவதா? பாதிக்கு மேல் தண்ணீர் வடிந்த உடனே ஓட்டிப் பார்த்து எரித்தவை. "மேல காஞ்சிருந்துச்சுணா, ஒரு தடவ போட்டுப் பாத்தேன்" என்று ஒவ்வொருத்தரும் சொல்லும்போது எனக்கு ஜொகூர் பம்ப் ஹவுஸ் ஞாபகம் வரும். திட்ட வாயே வராது.

தண்ணீருக்குள் கிடந்ததால் மட்டும் மோட்டார் எரிவதில்லை. ஈரத்தோடு கரண்ட் கொடுப்பதால்தான் எரிகிறது. கொடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் காயில் பிழைத்துவிடும். எனவே முதலில் மெயினை அணைத்து ஃபியூஸ் கேரியரை உருவிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாரும் ஆர்வத்தில் போட்டுவிடக் கூடாது. மெயின் இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நிற்கிறது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். லைன்மேனிடம் சொல்லுங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் பேசி அந்த லைனை நிறுத்தச் சொல்லுங்கள். ஆள் சிக்கிக்கொண்ட மாதிரி அவசரம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

அடுத்தது கழுவுவது. நல்ல தண்ணீரில் மோட்டாரைக் கழுவ வேண்டும் என்றால் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். காயிலின் இடுக்கில் நுழைந்த வண்டல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது காயவே காயாது. கழற்றி, நடுவில் சுழலும் ரோட்டரை எடுத்துவிட்டு, சாதாரண ஹோஸ் பைப்பில் சேறு போகும்வரை மெதுவாகக் கழுவ வேண்டும். வண்டி கழுவும் பிரஷர் துப்பாக்கியை வைத்து அடித்தால் காயில் மேல் இருக்கும் இன்சுலேஷனே பிய்ந்துவிடும். பிறகு ஒரு நாள் வெயிலில். அதற்கு மேல் பெரிய தகர டின்னைக் கவிழ்த்து உள்ளே ஒரு நூறு வாட் குண்டு பல்பை எரியவிட்டு இரண்டு நாள். எல்.இ.டி. பல்பு சூடு தராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். அன்றைக்கு ஊத்தங்கரையில் குண்டு பல்புக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. காய்ந்ததா என்பதைக் கை சொல்லாது, காயிலிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மெக்கர் கருவிதான் சொல்லும். ஒரு மெகா ஓம் காட்டாவிட்டால் கரண்ட் கொடுக்கக் கூடாது. நான் இரண்டைத் தாண்டாமல் கொடுப்பதில்லை. எந்த வைண்டிங் கடைக்கும் எடுத்துப் போங்கள், மெக்கர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம். பேரிங், கிரீஸ், கப்பாசிட்டர் மூன்றும் யோசிக்காமல் புதுசு போட்டுவிடுங்கள். பேரிங்கில் மண் இருந்தால் இன்றைக்கு ஓடும், பொங்கலுக்குள் கத்தும்.

போர்வெல்காரர்கள் அழுதுகொண்டு வந்தார்கள். அவர்களுக்கு நல்ல செய்தி சொன்னேன்: சப்மெர்சிபிள் தண்ணீருக்குள் வாழத்தான் பிறந்தது, அதற்கு ஒன்றும் ஆகாது. போனது மேலே இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி. அதைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வைக்கிறோம். தலை உயரத்தில் வைத்தால் கொஞ்சம் எட்டிப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, போர் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப்பைத் தரை மட்டத்தோடு வெட்டியிருந்த போர்களில் எல்லாம் வெள்ளமும் சாக்கடையும் நேராக உள்ளே இறங்கிவிட்டன. இரண்டடி மேலே நீட்டி மூடி போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். உள்ளே இறங்கிவிட்டது என்றால், தெளிவாக வரும்வரை வெளியே ஓட்டி ஊற்றிவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் குடிக்கிற யோசனை.

கார் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் பக்கத்து மெக்கானிக் தினம் கத்திக்கொண்டிருந்ததால் மனப்பாடம்: தண்ணீரில் மூழ்கின வண்டியின் சாவியைத் திருகாதே. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது திருகினால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும், அந்தச் செலவை இன்ஷூரன்ஸில் தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குத் தர மறுப்பார்கள். போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, கட்டி இழுத்துப் போவதுதான் வழி. மோட்டாருக்கும் காருக்கும் ஒரே வைத்தியம்.

வாத்தியார் ஒரு வாரம் கழித்து வந்தார். 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லாத மனிதர் உலகத்தில் அவர் ஒருத்தர்தான் என்று நினைத்தேன். உட்கார்ந்து டீ குடித்து முடித்த பிறகு சொல்லிவிட்டார். அப்புறம் ஒரு நல்ல காரியம் செய்தார். போனில் வானிலை மையத்துப் படங்களைக் காட்டி, "இனிமே புயல் போற கோட்டைப் பாக்காதே. அந்தக் கோடு நடுவுல இருக்கற புள்ளி போற வழி. மழை அந்தக் கோட்டுல பெய்யாது, சுத்திலும் பெய்யும். மாவட்டத்துக்கு மாவட்டம் கலர் போட்ட மழைப் படத்தைப் பாரு. அப்புறம் அது எவ்வளவு வேகமா நகருதுன்னு பாரு. ஓடற புயல் வீட்டை உடைக்கும், நிக்கற புயல் ஊரை மூழ்கடிக்கும்" என்றார். ஃபெஞ்சல் கரையேறிய பிறகு புதுச்சேரி பக்கமே நின்றது, வலுவிழந்து மெதுவாக மேற்கே நடந்து வந்தது, கடலிலிருந்து ஈரக் காற்று அதன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் சித்தேரி, கல்ராயன். ஈரக் காற்று மலையில் மோதி மேலே ஏறினால் கொட்டாமல் என்ன செய்யும்? புயல் என்ற பெயர் போய்த் தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது என்று டி.வி.யில் சொன்னபோது நாங்கள் ஆசுவாசப்பட்டோம். அந்தப் பெயர் காற்றின் வேகத்துக்கு வைத்த பெயர்: மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே போனால் புயல் இல்லை. மழையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

போன வருடம், 2025 நவம்பர் கடைசி வாரம், வாத்தியார் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். முகத்தில் ஒரு பரபரப்பு. "மலாக்கா ஜலசந்திக்குள்ள புயல்யா! சென்யார்னு பேர் வெச்சிருக்காங்க. அஞ்சு டிகிரி." சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் இருக்கும் குறுகலான கடல் அது. அதில் புயல் என்பது வாத்தியாருக்கே புதுசு. அவர் சொன்ன மறுகணம் நான் போனை எடுத்தேன். கிராணி ஐயா இல்லை, அவர் மகன் எடுத்தான். இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறான். "இங்க மழைதாண்ணே. புயல்லாம் வராது" என்றான். அப்பா குரல் அப்படியே. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வாசலில் இருக்கும் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாடியில் வைக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சரி என்றான்.

ஜொகூர் அந்தத் தடவை தப்பித்தது. சுமத்ரா தப்பவில்லை. சென்யார் சுழல் அங்கே ஏறிய அந்த வாரத்து வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதே வாரம் இலங்கையில் தித்வா புயல். அதுவும் காற்றால் கொன்றதைவிட மழையாலும் மலைச் சரிவாலும் கொன்றதுதான் அதிகம். செய்தியில் சேற்றுக்குள்ளிருந்து இழுத்தெடுத்த ஒரு மோனோபிளாக் மோட்டாரை ஒருத்தர் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். டி.வி.யைப் பார்த்து, "போடாதீங்க, போடாதீங்க" என்று நான் சத்தம் போட்டதாக வீட்டுக்காரம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

தித்வா எங்கள் பக்கம் வரும் என்று ஒரு பேச்சு இருந்தது. இந்தத் தடவை நான் கறிக்குழம்புக்குக் காத்திருக்கவில்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு கடையில் ஆங்கிள் இரும்பில் நாலரை அடி உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு அடித்து வைத்திருந்தேன். நானும் கடைப் பையனும் ஒரு சாயந்திரம் முழுக்கச் செயின் பிளாக்கில் கட்டி எல்லா மோட்டாரையும் மேலே ஏற்றினோம். செம்புக் கம்பி பரணுக்குப் போனது. மெக்கரை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்தேன், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில்.

கடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வாடிக்கைக்காரர்கள் வந்து, ஆள் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கள் மோட்டாரைப் பார்த்து, "என்னணா, கொலு வெச்சிருக்கீங்களா?" என்று கிண்டல் அடித்தார்கள். ஏற்றியது ஒரு சாயந்திரம், இறக்க மூன்று நாள். வாத்தியாருடைய ஏழரை எச்.பி. மோட்டார் மட்டும் இன்னும் மேலேயே இருக்கிறது. இறக்கட்டுமா என்று கேட்டால், "இருக்கட்டும்யா, நவம்பர் வரப்போகுதுல்ல" என்கிறார். இப்போது நடப்பது மாசி மாதம்.